கொடைக்குப் போகலாம்... தம்பி, தங்கையையும் கூட்டிக்கிட்டு!

குழந்தைகளே! உங்கள் ஊரில் கொடை எப்போது?

திருநெல்வேலிச் சீமைப் பிள்ளைகளிடம் இப்படிக் கேட்டால் போதும். ‘சித்திரை கடைசிச் செவ்வாய்’, ‘ஆடி மூணாம் வெள்ளி’ என்று பட்டென்று பதில் வரும். பரீட்சைத் தேதி மறந்தாலும் மறக்கும். கொடைத் தேதி மறக்காது!

மற்ற மாவட்டத்துப் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் சுடலைமாடன், இசக்கியம்மன், பேச்சியம்மன், முத்தாரம்மன் போன்ற தெய்வங்களுக்கு ஊர் கூடி எடுக்கும் திருவிழாவுக்குத்தான் ‘கொடை’ என்று பெயர். மேற்கு மலையில் இருந்து இறங்கி வரும் மணிமுத்தாறு, தாமிரபரணியோடு சேரும் பகுதியில், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, பாபநாசம், சிங்கம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் கொடை உண்டு.

கொடை என்றால் சாமி கும்பிடுவது மட்டும் அல்ல. அது ஒரு பெரிய இசை விழா! வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, நையாண்டி மேளம், கரகாட்டம், கும்மி என்று எல்லாமே வெட்டவெளியில் நடக்கும். சுவர் கிடையாது, கூரை கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. தொட்டில் பிள்ளையில் இருந்து தொண்ணூறு வயதுப் பாட்டி வரை யார் வேண்டுமானாலும் பாய் விரித்து உட்காரலாம்.

ஆனால் இப்போது பல வீடுகளில் ஒரு பேச்சு கேட்கிறது. ‘சின்னப் பிள்ளையை வச்சுக்கிட்டு அந்தச் சத்தத்தில எப்படிப் போறது? வீட்டிலேயே இருப்போம்’ என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒலிபெருக்கிப் பெட்டியின் சத்தம் பிஞ்சுக் காதுக்குக் கெடுதல்தான். அதற்காகப் போகாமலே இருந்தால், ஓர் அருமையான கலையைப் பார்க்காமலே பிள்ளைகள் வளர்ந்து விடுவார்கள் அல்லவா?

அதனால் போகத்தான் வேண்டும். எப்படிப் போவது என்றுதான் பார்க்கப் போகிறோம்.

எந்த நேரம், யாருக்கு?

பெரும்பாலான ஊர்களில் கொடைக்குச் சில நாட்கள் முன்பே கால் நாட்டுவார்கள். கொடைக்கு முந்தின இரவு குடியழைப்பு. மறுநாள் உச்சிவேளையில் மதியக் கொடை. அன்று நடுச்சாமத்தில் சாமக்கொடை. அடுத்த நாள் மஞ்சள் நீராட்டு, பொங்கல் என்று முடியும். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

இதில் எல்லா நேரத்துக்கும் எல்லாப் பிள்ளையையும் கூட்டிப் போக வேண்டியது இல்லை. மூன்று வயதுத் தங்கைக்கு ஏற்ற நேரம், மதியக் கொடையும் மாலை வேளையும்தான். பகல் வெளிச்சம் இருக்கும். கூட்டம் குறைவாக இருக்கும். வில்லுப்பாட்டுக்காரர்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

சாமக்கொடை அப்படி அல்ல. தீப்பந்தம் எரியும், மேளம் உச்சத்துக்குப் போகும், சாமியாடிகள் வேகமாக ஆடி வருவார்கள். வெடியும் போடுவார்கள். சின்னப் பிள்ளைகள் பயந்து வீறிட்டு அழுவது அப்போதுதான். அந்த நேரத்தில் அவர்கள் பாட்டி மடியில் தூங்கட்டும். பெரிய பிள்ளைகளான நீங்கள், அப்பா அம்மா அனுமதித்தால், அவர்கள் பக்கத்திலேயே இருந்து பாருங்கள்.

தூக்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. மூன்று முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தை, பகல் தூக்கத்தையும் சேர்த்து, ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்காரர்களுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். கொடை அன்று மத்தியானம் எல்லோரும் ஒரு தூக்கம் போட்டு விட்டால், சாயங்காலம் சிணுங்கல் இருக்காது!

வில் எப்படிப் பாடுகிறது?

வில் என்றால் அம்பு விடுவதற்கு என்றுதான் கதைகளில் படித்திருப்பீர்கள். இங்கே அந்த வில் பாட்டுப் பாடுகிறது!

ஆளை விட நீளமான வில். அதன் உடம்பு முழுக்க வரிசையாக மணிகள். நாண் மேலே இருக்கும்படி வில்லைக் கிடத்தி, ஒரு பெரிய மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டி இருப்பார்கள். குடம் உருளாமல் இருக்க, அடியில் வைக்கோல் பிரிமணை. பாடுபவரின் இரண்டு கைகளிலும் வீசுகோல்கள். அவற்றை வீசி நாணைத் தட்டியதும் நாண் அதிரும். கூடவே மணிகள் எல்லாம் ‘ஜல்... ஜல்...’ என்று குலுங்கும்.

குடம் சும்மா தாங்குவதற்கு மட்டும் வைத்தது என்று நினைத்து விடாதீர்கள். குடத்துக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். தட்டையான ஒரு மட்டையால் குடத்தின் வாயில் அடிப்பார். ‘கும்... கும்...’ என்று அடிவயிற்றில் இருந்து வருவது போல ஒரு நாதம் வரும். குடத்துக்குள் அடைபட்டு இருக்கும் காற்று அதிர்வதால் வரும் சத்தம் அது. இன்னொரு கையால் குடத்தின் வயிற்றைத் தட்டி வேறு ஒரு சத்தமும் எழுப்புவார். இவை போதாதென்று உடுக்கை, ஜால்ரா, மரக்கட்டைத் தாளம். பிற்காலத்தில் ஆர்மோனியமும் வந்து சேர்ந்து கொண்டது.

கவனித்தீர்களா? மணியின் சத்தம் மெல்லியது, கூர்மையானது. குடத்தின் சத்தம் தடித்தது, ஆழமானது. நடுவில் மனிதக் குரல். மைக் இல்லாத காலத்தில் இந்த மூன்றையும் வைத்துத்தான் ஊரையே கட்டிப் போட்டார்கள்! அந்தக் காலத்தில் பாட்டுக் கேட்க வேண்டும் என்றால் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். பிள்ளைகளுக்குத்தான் முன் வரிசை.

வில்லுப்பாட்டுக்கு ஒரு முறை உண்டு. முதலில் காப்பு. பிறகு என்ன கதை பாடப் போகிறோம் என்று சொல்லும் வருபொருள். அடுத்துக் குருவை வணங்குவது. ‘தப்பு இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்’ என்று சபையோரைப் பணிவாகக் கேட்கும் அவையடக்கம். அதற்கு அப்புறம்தான் கதை. கடைசியில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழி பாடி முடிப்பார்கள். உங்கள் கட்டுரை நோட்டில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை எழுதுகிறீர்களே, கிட்டத்தட்ட அதே மாதிரிதான்!

இதில் பிள்ளைகளுக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. தலைமைப் பாடகர் கதையில் ஒரு வரி சொல்வார். பக்கத்தில் இருப்பவர் ‘ஆமாம்!’ என்பார். அவர் சந்தேகம் கேட்பார்; இவர் கேலி பண்ணுவார். கொஞ்ச நேரத்தில் முன் வரிசைப் பிள்ளைகளும் சேர்ந்து ‘ஆமாம்!’ போட ஆரம்பித்து விடுவார்கள். நாலு வயதுப் பிள்ளைக்குக் கதை முழுவதும் புரியாது. ஆனால் ‘ஆமாம்’ சொல்லத் தெரியும்!

மகுடமும் நையாண்டியும்

சுடலைமாடன் கோயில் கொடைகளில் கணியான் கூத்து பார்க்கலாம். ‘மகுடம்’ என்ற பெயரைக் கேட்டதும் தலையில் வைக்கும் கிரீடம் என்று நினைப்பீர்கள். இது வட்டமான மரச் சட்டத்தில் தோல் கட்டிய பறை. இரண்டு மகுடங்கள் இருக்கும். ஒன்று உச்சம், இன்னொன்று மந்தம். அதாவது ஒன்று கூர்மையாகப் பேசும். மற்றது கனமாகப் பேசும். அண்ணாவி கதை பாட, பெண் வேடம் போட்ட ஆண்கள் காலில் சலங்கை கட்டி ஆடுவார்கள்.

ஆட்டம் தொடங்கும் முன் மகுடத்தைத் தீயில் காட்டுவதைக் கவனியுங்கள். ஏன் தெரியுமா? காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக் கொண்டால் தோல் தளர்ந்து போகும். சத்தம் ‘தொப்’ என்று வரும். சூடு காட்டினால் ஈரம் போய்த் தோல் விறைக்கும். சத்தம் ‘டண்’ என்று எழும். அறிவியல் பாடம் கொடைப் பந்தலிலேயே நடக்கிறது!

நையாண்டி மேளத்தில் நாதஸ்வரம், தவில், பம்பை எல்லாம் சேர்ந்து ஒலிக்கும். கரகாட்டத்துக்கு ஏற்ற துள்ளலான மேளம் அது. ஆனால் ஒன்று நினைவிருக்கட்டும். தவிலும் பம்பையும் மைக்கே இல்லாமல் மிகப் பலமாகப் பேசக் கூடியவை. கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, பிறகு இருபது அடி தள்ளி நின்று ரசியுங்கள்.

கேட்டு வளர்ந்த பிள்ளைகள்

‘சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் என்ன தெரியப் போகிறது?’ என்று யாராவது கேட்டால், இரண்டு பேரின் பெயரைச் சொல்லுங்கள்.

ஒருவர் சுப்பு ஆறுமுகம். 1928ஆம் ஆண்டு, திருநெல்வேலிக்குப் பக்கத்தில் உள்ள சத்திரம் புதுக்குளத்தில் பிறந்தவர். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனோடு பழகியவர். கோயில் வாசலில் இருந்த வில்லுப்பாட்டை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் நகரத்து மேடைகளுக்கும் கொண்டு போனார். 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். 2022இல் தமது 94ஆம் வயதில் காலமானார்.

இன்னொருவர் கன்னியாகுமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மாள். சிறு பெண்ணாக இருக்கும்போதே வில்லுப்பாட்டுக்கு வந்தவர். ஆண்களே பெரும்பாலும் பாடி வந்த கலையில், பல வருஷங்கள் முன்னால் உட்கார்ந்து வீசுகோல் வீசினார். 2018இல் மறைந்தார்.

இவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் பாயில் உட்கார்ந்து வாய் பிளந்து கேட்ட பிள்ளைகள்தான். முன் வரிசையில் பிள்ளைகள் இல்லாவிட்டால், நாளைக்கு மேடையில் பெரியவர்கள் எங்கிருந்து வருவார்கள்?

காதுக்குள் ஒரு நத்தை

சரி, இப்போது சத்தத்துக்கு வருவோம்.

நம் காதின் உட்பகுதியில் நத்தைக் கூடு மாதிரி சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் மிக நுண்ணிய முடி செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு காதிலும் சுமார் 15 ஆயிரம்! சத்தம் வந்ததும் அவை அசைந்து மூளைக்குச் செய்தி அனுப்பும். வயலில் காற்று அடித்தால் நெற்பயிர் சாய்ந்து நிமிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலத்தான்.

மிதமான காற்று என்றால் பயிர் நிமிர்ந்து விடும். புயல் அடித்தால்? பயிர் ஒடிந்து விடும். காதின் முடி செல்களும் அப்படித்தான். பயிரை மறுபடி நடலாம். ஆனால் மனிதருக்கு அந்தச் செல்கள் ஒரு முறை அழிந்தால் மறுபடி முளைக்காது. வேடிக்கை என்னவென்றால், கோழிக்கு முளைக்கும்! நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கொடைக்கு மறுநாள் வகுப்பில் சில பிள்ளைகள் ‘என்ன டீச்சர்? என்ன டீச்சர்?’ என்று இரண்டு தடவை கேட்பார்கள். காதுக்குள் ‘கொய்ங்ங்’ என்று ஒரு சத்தம் ஓடிக் கொண்டே இருக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகி விடும். ஆனால் அது காது நமக்கு அடிக்கும் எச்சரிக்கை மணி. ‘நேற்று நீ தவறான இடத்தில் உட்கார்ந்தாய்’ என்று சொல்கிறது. திரும்பத் திரும்ப அப்படியே செய்தால், கேட்கும் திறன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து விடும். அதற்குப் பிறகு வில்லின் மணியோசையும் சரியாகக் கேட்காது.

வாருங்கள், கணக்குப் போடுவோம்!

சத்தத்தை டெசிபல் என்ற அளவால் அளக்கிறார்கள். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். உலக சுகாதார நிறுவனம் ஒரு வாரத்துக்கு எவ்வளவு நேரம் கேட்டால் ஆபத்து இல்லை என்று சொல்லி இருக்கிறது. இதோ:

80 டெசிபல் - 40 மணி நேரம்
85 டெசிபல் - 12 மணி 30 நிமிடம்
90 டெசிபல் - 4 மணி நேரம்
95 டெசிபல் - 1 மணி 15 நிமிடம்
100 டெசிபல் - 20 நிமிடம்

பார்த்தீர்களா! 80க்கும் 100க்கும் இருபதுதானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் 40 மணி நேரம் எங்கே, 20 நிமிடம் எங்கே? இதுவும் பெரியவர்களுக்கான கணக்கு. குழந்தைகளுக்கு இன்னும் 5 டெசிபல் குறைத்துக் கொள்ளச் சொல்கிறார்கள். அதாவது 75 டெசிபல் என்றால்தான் 40 மணி நேரம்.

பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் 100 டெசிபலைச் சுலபமாகத் தாண்டி விடும். அங்கே உட்கார்ந்து ராத்திரி முழுக்கக் கேட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கவலை வேண்டாம். வழி மிகச் சுலபம். தள்ளிப் போக வேண்டியதுதான்! வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கு ஆனால், சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். பெட்டியில் இருந்து 2 மீட்டரில் 100 டெசிபல் என்று வைத்துக் கொள்வோம். 4 மீட்டரில் 94. 8 மீட்டரில் 88. 16 மீட்டரில் 82. அதாவது முப்பது முப்பத்திரண்டு எட்டு வைத்தால் போதும். 20 நிமிடத்தில் தாக்கும் சத்தம், சுமார் 25 மணி நேரம் தாங்கக் கூடிய சத்தமாக இறங்கி விடும்! இது பெரியவர்களுக்கான, சுமாரான கணக்குதான். சுவர் பக்கத்தில் இருந்தாலோ, பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தாலோ மாறும். ஆனாலும் தள்ளிப் போனால் குறையும் என்பது மாறாது.

அளவுக் கருவி இல்லையா? கையைப் பயன்படுத்துங்கள். கை நீட்டும் தூரத்தில் இருக்கும் தங்கையிடம் கத்தித்தான் பேச முடிகிறது என்றால், அந்த இடம் ஆகாது. பாயைச் சுருட்டுங்கள்!

எங்கே உட்காரலாம்?

ஒரே வரியில் சொல்லி விடுகிறேன். வில்லுக்குக் கிட்டே போங்கள். பெட்டிக்கு எட்டப் போங்கள்.

பெட்டிகளை வழக்கமாக மேடையின் இரண்டு ஓரத்திலும் வைப்பார்கள். அதனால் ஓரத்தில் உட்காராதீர்கள். மேடைக்கு நேரே நடுவில், இரண்டு பெட்டிக்கும் விலகி உட்காருங்கள். அங்கேயும் சத்தம் அதிகம் என்றால் பின்னால் நகருங்கள். ‘பெட்டி முன்னால உட்கார்ந்தாத்தான் நல்லாக் கேக்கும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே பாட்டு கேட்காது, இரைச்சல்தான் கேட்கும்.

அப்படியானால் வில்லை எப்படிக் கிட்டத்தில் பார்ப்பது? அதற்கு ஒரு நல்ல நேரம் உண்டு. நிகழ்ச்சி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய் விடுங்கள். அப்போதுதான் குடத்தைப் பிரிமணையில் வைப்பார்கள், வில்லைக் கட்டுவார்கள், நாணை முறுக்குவார்கள். ‘அண்ணாச்சி, தம்பி மணியை ஒரு தடவை தொட்டுப் பார்க்கட்டுமா?’ என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். மைக் இல்லாமல், வில்லின் சொந்தக் குரலை நீங்கள் கேட்கும் வாய்ப்பு அதுதான்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து, சத்தம் குறைந்த இடத்துக்குப் போய்ப் பத்து நிமிடம் இருந்து விட்டு வாருங்கள். காதுக்கும் ஓய்வு வேண்டும். காதில் பஞ்சு வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பஞ்சு கொஞ்சம்தான் சத்தத்தைத் தடுக்கும். சின்னக் குழந்தைகளுக்குக் காதை முழுவதும் மூடும் காதுமூடிகள் கடைகளில் கிடைக்கின்றன. காதுக்குள் செருகும் சின்ன அடைப்பான்களைக் கைக்குழந்தைக்கு வைக்கக் கூடாது. பிடுங்கி வாயில் போட்டுக் கொள்ளும்!

பெரியவர்களிடம் சொல்ல ஒரு செய்தியும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. திருவிழாக்களுக்காக மாநில அரசு நள்ளிரவு 12 மணி வரை அனுமதி தரலாம். அதுவும் வருஷத்துக்கு 15 நாட்களுக்கு மேல் இல்லை. உங்கள் ஊர் விழாக் குழுவில் மாமாவோ சித்தப்பாவோ இருந்தால், ‘பெட்டியைக் கொஞ்சம் உயரத்தில் வைங்க, சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க, முன்னால பிள்ளைங்க இருக்கோம்’ என்று சொல்லுங்கள். பிள்ளைகள் சொன்னால் கேட்பார்கள்.

நீங்கள்தான் அண்ணன், நீங்கள்தான் அக்கா!

கொடைக் கூட்டத்தில் ‘எலே, தம்பிய எங்கல விட்ட?’ என்று அம்மா பதறுவதைக் கேட்டிருக்கிறீர்களா? மைக்கில் ‘பச்சைச் சட்டை போட்ட பையன் மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறான்’ என்று அறிவிப்பு வரும் வரை வீட்டில் யாருக்கும் உயிர் இருக்காது. அப்படி நடக்காமல் இருக்க:

* சின்னவர்களுக்குப் பளிச்சென்ற நிறத்தில் சட்டை போட்டு விடுங்கள். என்ன நிறம் என்று வீட்டில் எல்லோரும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

* அப்பா, அம்மா செல்போன் எண்ணை ஒரு சீட்டில் எழுதித் தம்பியின் பையில் வையுங்கள். உங்களுக்கு அது மனப்பாடமாக இருக்க வேண்டும்.

* போன உடனே ஓர் அடையாள இடத்தைக் காட்டுங்கள். வேப்ப மரம், தண்ணீர்த் தொட்டி மாதிரி நகராத இடமாக இருக்கட்டும். பலூன்காரர் நகர்ந்து விடுவார்!

* காணாமல் போனால் ஓட வேண்டாம், அழுது கொண்டு நடக்க வேண்டாம், நின்ற இடத்திலேயே நில் என்று சொல்லிக் கொடுங்கள். போலீஸ்காரரையோ, பிள்ளையோடு நிற்கும் ஓர் அம்மாவையோ உதவி கேட்கலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. அவசர உதவிக்கு 112.

* ஜெனரேட்டர், சீரியல் பல்பு வயர், வெடி போடும் இடம், இந்த மூன்றின் பக்கமும் தம்பியை விடாதீர்கள்.

* கொதித்து ஆறிய தண்ணீர், வீட்டில் கட்டிய புளியோதரை, ஒரு போர்வை, ஒரு டார்ச் லைட். இவை கையில் இருக்கட்டும். சீனி மிட்டாய் உண்டு, அளவாக உண்டு!

காட்டுக்குள் ஒரு திருவிழா

பாபநாசத்துக்கு மேலே, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசைத் திருவிழா மிகப் பெரியது. தாமிரபரணிக் கரையில், மரங்களுக்கு நடுவே, குடும்பம் குடும்பமாக வந்து தங்குவார்கள். கைக்குழந்தையோடு வருபவர்களும் உண்டு. இந்த விழாவில் சிங்கம்பட்டி ஜமீன் ராஜா அரச உடையில் காட்சி தருவது வழக்கமாக இருந்தது. பல ஆண்டுகள் அப்படிக் காட்சி தந்த முருகதாஸ் தீர்த்தபதி 2020இல் காலமானார்.

இந்த இடம் களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. 1988இல் அமைந்த காப்பகம் இது. புலி, யானை, சிங்கவால் குரங்கு எல்லாம் வாழும் காடு. நமக்குக் காது இருப்பது போல அவற்றுக்கும் இருக்கிறதே! எனவே இங்கே சத்தம் குறைவாக இருப்பது நம் மரியாதை. எத்தனை நாள் தங்கலாம், வண்டி எதுவரை போகலாம் என்று வனத்துறையும் மாவட்ட நிர்வாகமும் சொல்வதைக் கேட்டுக் கொண்டு கிளம்புங்கள். பிளாஸ்டிக் வேண்டாம். பழைய துணியை ஆற்றில் விட வேண்டாம். பெரியவர் கூட இல்லாமல் ஆற்றில் இறங்கவே வேண்டாம். தம்பி தங்கைக்கு ஒரு கை எப்போதும் உங்கள் கையில்.

மற்ற ஊர்களில்...

வெட்டவெளி இசை விழா நம் ஊரில் மட்டும் இல்லை. திருவையாற்றில் காவிரிக் கரையில், தியாகராஜரின் நினைவாக ஆண்டுதோறும் ஆராதனை விழா நடக்கிறது. நூற்றுக்கணக்கான கலைஞர்கள் ஒன்றாக உட்கார்ந்து பாடுவார்கள். சென்னையில் 2007இல் ‘சென்னை சங்கமம்’ தொடங்கியபோது, பூங்காவிலும் கடற்கரையிலும் நாட்டுப்புறக் கலைகள் ஆடின. இடையில் நின்று போயிருந்த அந்த விழா, 2023இல் ‘நம்ம ஊரு திருவிழா’ என்ற பெயரையும் சேர்த்துக் கொண்டு மறுபடி வந்தது.

இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி என்ற இடத்தில் ஒரு பால் பண்ணையில் 1970இல் தொடங்கிய இசை விழா உலகப் புகழ் பெற்றது. அங்கே பிள்ளைகளுக்கு என்றே தனியாக ஒரு திடல் உண்டு. கூட வரும் சின்னக் குழந்தைகள் பலர் வண்ண வண்ணக் காதுமூடி மாட்டிக் கொண்டு அப்பாவின் தோளில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பார்கள். அவர்கள் வீட்டில் இருக்கவில்லை. காதைப் பாதுகாத்துக் கொண்டு வந்து விட்டார்கள்!

செய்து பாருங்கள்

கொடைக்கு முன்பே தம்பி தங்கைக்கு ஒரு பயிற்சி கொடுப்போமா?

ஒரு காலி மண்பானையைத் துணியைச் சுருட்டிய வளையத்தின் மேல் வையுங்கள். தேய்ந்து போன ரப்பர் செருப்பைக் கழுவி, அதன் தட்டையான பக்கத்தால் பானையின் வாயில் மெதுவாக அடியுங்கள். ‘கும்’ என்று கேட்கிறதா? இப்போது கால் பானை தண்ணீர் ஊற்றி அடியுங்கள். பிறகு அரைப் பானை. தண்ணீர் ஏற ஏற உள்ளே காற்று இருக்கும் இடம் குறைகிறது. சத்தம் கூர்மை ஆகிறது. ஒரு கம்பில் நாலு சலங்கை மணியைக் கட்டிக் கொண்டால், உங்கள் வீட்டு வில் தயார்.

இப்போது நீங்கள் கதை சொல்லுங்கள். காக்கா வடை திருடிய கதையே போதும். தம்பி ‘ஆமாம்’ போடட்டும். கொடையில் நிஜ வில்லைப் பார்க்கும்போது, அவன் கண் எப்படி விரிகிறது என்று பாருங்கள்!

என்ன குழந்தைகளே, இந்த வருஷம் கொடைக்குப் போவோமா?

ஆமாம்!

வில்லுக்குக் கிட்டே உட்காருவோமா?

ஆமாம்!

பெட்டிக்கு எட்டப் போவோமா?

ஆமாம்! ஆமாம்!